எல்லாவற்றுக்கும் ஒரே சாஃப்ட்வேரா? வியாபாரிகள் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கீழமாசி வீதியிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் உள்ள சில மொத்தக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். சங்கத்தின் சுற்றறிக்கை வந்ததிலிருந்து, "ஏம்மா, இது நமக்கு ஒத்து வருமா?" என்று என்னிடம் கேட்காத முதலாளி இல்லை. கடை கடையாகச் சொல்லிக்கொண்டிருப்பதை உங்களிடமே நேராகச் சொல்லிவிடலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பில், ஸ்டாக், கணக்கு, சம்பளம், வசூல், வாடிக்கையாளர் தொடர்பு எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பைச் சங்கமே பேசி முடிக்கும், உறுப்பினர்கள் தீபாவளிக்குள் அதற்கு மாறிவிட வேண்டும், கட்டணம் ஆண்டுச் சந்தா என்கிறது அறிக்கை. மொத்தமாக எடுத்தால் விலை குறையும் என்று நம் தெருவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் நூறு மூட்டை துவரம்பருப்பைச் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டால் எல்லாருக்கும் கிடைப்பது ஒரே பருப்பு. சாஃப்ட்வேர் கடைக்குக் கடை வேறு வேலை செய்தாக வேண்டும். எண்ணெய்க் கடைக்கும் வத்தல் கடைக்கும் கணக்கே வேறு.

டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரும் எக்செல்லும் தெரிந்தவள் என்பதால் என் பிழைப்பு போய்விடும் என்று எழுதுகிறேனோ என உங்களில் சிலர் நினைக்கலாம். சரி, அதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். தொகுப்பே கூடாது என்பதல்ல என் கட்சி. பில், ஸ்டாக், பேரேடு மூன்றும் ஒரே சாஃப்ட்வேரில் இருந்தே ஆக வேண்டும் என்பேன். அதற்கு மேல் உள்ளவற்றைக் கட்டாயமாக்காதீர்கள் என்பதுதான் வேண்டுகோள்.

அந்த மூன்றும் ஏன் சேர்ந்திருக்க வேண்டும் என்பதற்கு 2025 செப்டம்பர் 22 போதும். ஜிஎஸ்டி விகிதங்கள் மாறிய நாள், திங்கட்கிழமை. நெய் 12 சதவீதத்திலிருந்து 5க்கு வந்தது. பாதாம், பிஸ்தாவும் அப்படியே. குளியல் சோப்பு, ஷாம்பு 18லிருந்து 5. முந்தின நாள் ஞாயிறு என்பதால் பல கடைகளில் அன்றே உட்கார்ந்து ஒவ்வொரு சரக்காக விகிதத்தை மாற்றினோம். பில்லும் கணக்கும் ஒன்றாக உள்ள கடையில் ஒரு இடத்தில் மாற்றினால் வேலை முடிந்தது. ஒரு கடையில் பில்லுக்கு ஒரு சாஃப்ட்வேர், கணக்குக்கு டாலி. பில் அடிக்கும் பக்கம் மாற்றியாயிற்று. டாலியில் நெய் மட்டும் விட்டுப்போயிற்று. பில்லில் 5 சதவீதம், பேரேட்டில் ஏறியது 12. மறு மாதம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 என்கிற விற்பனை ரிட்டர்ன் போட வேண்டிய நேரத்தில், எந்தப் பில்லில் வித்தியாசம் என்று தேடித் தேடியே அந்தக் கடைப் பையனுக்குக் கண் பூத்துவிட்டது.

பருப்பிலும் இதே கதை. 2022 ஜூலை 18லிருந்து, லேபிள் ஒட்டி முன்கூட்டியே பாக்கெட் போட்ட பருப்பு, அரிசிக்கு 25 கிலோ வரை 5 சதவீத வரி. அதற்கு மேற்பட்ட மூட்டைக்கு வரி இல்லை. 26 கிலோ அரிசி மூட்டை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாததா! ஆக ஒரே துவரம்பருப்பு, 50 கிலோ மூட்டையாகப் போனால் ஒரு மாதிரி, 1 கிலோ பாக்கெட்டாகப் போனால் வேறு மாதிரி. மூட்டையைப் பிரித்து பாக்கெட் போட்டால் ஸ்டாக்கில் ஒரு பக்கம் குறைந்து இன்னொரு பக்கம் ஏற வேண்டும், வரியும் மாற வேண்டும். கேரளாவுக்கு லோடு ஏற்றினால் 50,000 ரூபாயைத் தாண்டும் வரியுள்ள சரக்குக்கு இ-வே பில் என்கிற ஆன்லைன் போக்குவரத்துச் சீட்டு. விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு 2023 ஆகஸ்ட் 1 முதல், பில்லை அரசுப் போர்ட்டலில் பதிகிற இ-இன்வாய்ஸ் வேறு. பில்லில் உள்ள அதே விவரத்தைப் போர்ட்டலில் மறுபடியும் கையால் அடித்தால் எங்காவது ஒரு பூஜ்யம் கூடும் அல்லது குறையும்.

ஆகவே நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. ஒரு எண்ணை இரண்டு இடத்தில் டைப் செய்ய வேண்டியிருந்தால் அந்த இரண்டும் சேர்ந்திருக்கட்டும். இல்லையென்றால் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது சம்பளத்துக்கு வருவோம். தொகுப்பில் உள்ள சம்பளப் பகுதியை டெமோவில் நானும் பார்த்தேன். மாதச் சம்பளம், விடுப்பு, விரல்ரேகை வருகைப் பதிவு என்று கம்பெனி ஆபீசுக்கு அருமையான ஏற்பாடு. நம் கடைகளில் லோடுமேன்களுக்கு மூட்டைக் கணக்கில் கூலி. ஏற்றுக்கூலி ஒரு ரேட், இறக்குக்கூலி ஒரு ரேட், மாடிக் குடோன் என்றால் கொஞ்சம் கூட. சனிக்கிழமை மாலை பிரித்துக் கொடுக்கும்போது முன்பணம் கழித்தாக வேண்டும். இதை அதில் எப்படிப் போடுவது என்று கேட்டேன். "கஸ்டமைஸ் பண்ணித் தரலாம், அதற்குத் தனியாக ஆகும்" என்றார் விற்க வந்த தம்பி. ஒரு எக்செல் தாளில் இந்த வேலை முடிகிறது. வாரம் ஒரே ஒரு மொத்தத் தொகைதான் பேரேட்டுக்குப் போக வேண்டும்.

வாடிக்கையாளர் தொடர்பு என்ற பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எந்தக் கடைக்காரருக்கு எந்த நாளில் போன் போட வேண்டும் என்பது நம் முதலாளிகளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

வசூல்தான் யோசிக்க வேண்டிய இடம். லைனுக்குப் போகிறவர் மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் என்று சுற்றிவிட்டு இரவு எட்டரைக்குக் கடைக்கு வருகிறார். பையில் ரொக்கம், போனில் ஜிபே வந்த மெசேஜ், கையில் ஒரு டைரி. டைரியில் பேருக்கு நேராக 8,000 என்றுதான் இருக்கும். பழைய பில்லில் பாக்கி 5,200, மீதி புதுப் பில்லுக்கு என்று அவர் வாயால் சொல்லித்தான் நான் வரவு வைப்பேன். இதில் தொகுப்பின் வசூல் ஆப் உதவுமே என்பீர்கள். உதவும்தான். எந்தப் பில்லுக்கு எவ்வளவு என்று கடைவாசலிலேயே பதிந்துவிட்டால் எனக்கு அரை மணி நேரம் மிச்சம். ஆனால் சிக்னல் இல்லாத ஊரில் அந்த ஆப் திறக்கவே மறுக்கிறது, எழுத்தெல்லாம் ஆங்கிலத்தில், இரண்டு ஆள் லைனுக்குப் போனால் இரண்டு சந்தா. தமிழில் இருக்கிற, சிக்னல் இல்லாமலும் பதிகிற, இரவில் எக்செல்லாக இறக்கிப் பேரேட்டில் ஏற்ற முடிகிற சின்ன ஆப் எதுவானாலும் எனக்குப் போதும். சில கடைக்குத் தொகுப்பின் ஆப்பே சரிப்படலாம். அதை அந்தக் கடைக்காரர் முடிவு செய்யட்டுமே.

"எல்லாம் ஒன்றாக இருப்பதுதான் நவீனம், காலம் அங்கேதான் போகிறது" என்று கூட்டத்தில் ஒருவர் பேசினாராம். கம்ப்யூட்டர் உலகில் இந்த வழக்கு 40 வருடப் பழசு. 1984ல் லோட்டஸ் கம்பெனி, கணக்குத் தாள், எழுத்து வேலை, வரைபடம் எல்லாம் ஒரே ப்ரோக்ராமாகச் சிம்ஃபனி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸும் அதே ஜாதி. இரண்டும் இன்று இல்லை. வேர்டு, எக்செல் என்று தனித்தனியாக நன்றாக வேலை செய்பவற்றை ஒரே பெட்டியில் போட்டு விற்ற ஆஃபிஸ் நிற்கிறது. அதிலும் நம் கடைகளில் திறப்பது பெரும்பாலும் எக்செல் மட்டும்தான்! ஒரு தொகுப்பு நல்லதா என்று பார்க்க, அதில் நமக்குத் தேவையான பகுதியை மட்டும் தனியாக எடுத்து, இதற்கு மட்டும் பணம் கொடுப்போமா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி எனக்கு உண்மையிலேயே பயம் உள்ள விஷயம். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வரை கணக்கையும் பில்லையும் வைத்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் இது போன்ற தொகுப்பை ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சந்தாவை நிறுத்தினார்கள். பிறகு அந்த வருடப் பில்களைக் கேட்டு நோட்டீஸ் வந்தது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டுமானால் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும் என்று பதில். கணக்கு நம்முடையது, பூட்டுச் சாவி அவர்களிடம். இறக்கித் தந்ததும் பிடிஎஃப்தான். அதை வைத்துக்கொண்டு ஆடிட்டர் என்ன செய்வார்? ஒரு கடைக்கே இந்தப் பாடு. சங்கமே சேர்ந்து ஒரு கம்பெனியிடம் போய்விட்டால், அடுத்த ஆண்டு அவர்கள் சந்தாவை ஏற்றும்போது யாரும் தனியாக வெளியே வர முடியாது. மொத்தமாக வாங்குவதில் நமக்கு இருக்கும் பலம் கையெழுத்துப் போடும் நாள் வரைதான்.

ஆகவே அண்ணாச்சி, ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால் சில விஷயங்களைக் கறாராகப் பேசுங்கள். பில், ஸ்டாக், கணக்கு மட்டும் எடுப்பவர்களுக்குத் தனி விலை வேண்டும். பில், பார்ட்டி பாக்கி, ஸ்டாக் மூன்றையும் எந்த நாளிலும் எக்செல்லாக இறக்கலாம், சந்தா நின்ற பிறகும் பழைய கணக்கைப் பார்க்கலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். டெமோவையும் அவர்கள் கொண்டுவரும் மாதிரிச் சரக்கை வைத்து நடத்த விடாதீர்கள். நம் பில்லைப் போடச் சொல்லுங்கள்: 50 கிலோ மூட்டை நான்கு, உதிரியாக 12 கிலோ 350 கிராம், அதில் ஒரு மூட்டை வண்டு விழுந்து திரும்பி வருகிறது, கூலி தனி, தரகு தனி. பாதியில் நெட்டைப் பிடுங்கிவிட்டு என்ன ஆகிறது என்று பாருங்கள். ரோட்டைத் தோண்டி கேபிள் அறுபடாத மாதம் நம் தெருவில் எது? வாசலில் லாரி நிற்கும்போது "கொஞ்சம் பொறுங்க, நெட் வரட்டும்" என்று டிரைவரிடம் சொல்ல முடியாது.

அப்புறம் தேதி. தீபாவளிக்குள் என்பது நடக்காத காரியம். சீசனில் பில் போடவே ஆள் போதவில்லை, அதில் புதுசு கற்றுக்கொள்ள யாருக்கு நேரம்? அதோடு ஆண்டு நடுவில் மாறினால் பாதி வருடம் ஒன்றில், பாதி வருடம் மற்றொன்றில் என்று ஆண்டு ரிட்டர்னில் இரண்டையும் சேர்த்துக் கூட்ட வேண்டி வரும். மார்ச் 31 ஸ்டாக் எடுத்து, ஏப்ரல் 1 தொடக்க இருப்போடு மாறுவதே முறை. அதைத் தொட்டுச் சித்திரைத் திருவிழா வரும். தேர் வரும் நாளில் மாசி வீதிக்குள் வண்டி நுழையாது, கடையில் வேலை குறைவு. பில் போடும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

தீர்மானத்தில் "கட்டாயம்" என்று உள்ள இடத்தில் "பரிந்துரை" என்று மாற்றினால் போதும். விரும்புகிறவர்கள் மாறட்டும், ஒரு வருடம் பார்த்துவிட்டு மற்றவர்கள் முடிவு செய்யட்டும். பொதுக்குழுவுக்கு முன்னால் டெமோவுக்கு ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள். இரண்டு கடை முதலாளிகள் தங்கள் ஒரு மாதப் பில் கட்டைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், கொண்டுவருகிறேன். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது. ரிட்டர்ன் போடும் 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கடைகளில் கணக்கு எழுதுபவள்
மதுரை