விலையை வாசலில் எழுதிப் போடுங்கள்

மதிப்பிற்குரிய பூச்சந்தை நிர்வாகத்தாருக்கும் கமிஷன் கடை முதலாளிகளுக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை நடந்த வாக்குவாதம் உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அடுத்தடுத்த இரண்டு கடைகளில், ஒரே தரத்து மல்லிகைக்கு, ஒருவர் சிட்டையில் கிலோ 900 ரூபாய். இன்னொருவர் சிட்டையில் 650. கேட்டதற்கு, "அது ஏழு மணி விலை, இது எட்டு மணி விலை" என்றார்கள். இருக்கலாம். பூ விலை நேரத்துக்கு நேரம் மாறும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. ஏழு மணி விலையையும் எட்டு மணி விலையையும் எங்கே எழுதி வைத்தீர்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

வாடிப்பட்டிப் பக்கம் பறிப்பு இருட்டிலேயே தொடங்கிவிடும். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பெண்கள் செடி செடியாகக் குனிந்து மொட்டைக் கிள்ளுகிறார்கள். மலர்ந்துவிட்டால் கேட்க ஆளில்லை. பையில் பெயர் எழுதி வேனில் ஏற்றியதோடு பூ எங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. பக்கத்துத் தோட்டத்து அக்காவுக்குத் தினமும் மூன்று, நான்கு கிலோதான் தேறும். கடைக்குப் போன் செய்தால், "இப்போதுதான் பை வந்திருக்கிறது, பார்த்துச் சொல்கிறேன்" என்பார்கள். அந்தப் 'பார்த்து' சாயங்காலம் வரை நீளும். விலையைக் கண்ணால் பார்த்தாக வேண்டுமென்றால் அவர் பஸ் ஏறி வர வேண்டும். பாதிப் பறிப்பு செடியிலேயே நின்றுவிடும். அதனால் சிட்டையில் எழுதியதை வாங்கிக்கொள்கிறார். பறிப்புக் கூலி போக மிச்சம் என்ன என்று அதற்குப் பிறகுதான் கணக்குப் பார்க்கிறார்.

விலையைத் தேடி அறிவதற்கும் ஒரு செலவு உண்டு, அதனால்தான் ஒரே சரக்கு ஒரே ஊரில் பல விலைக்குப் போகிறது என்று பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1961-லேயே விளக்கிவிட்டார். அந்தச் செலவு குறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் கேரளத்தில் சான்று இருக்கிறது. 1997-ல் ஒரு நாள் காலை, வடகரைக் கடற்கரையில் பதினொரு மீனவர்கள் வாங்க ஆளில்லாமல் மீனைக் கொட்டினார்கள். அதே நேரம் பதினைந்து கிலோமீட்டருக்குள் மீன் வாங்க வந்த இருபத்தேழு பேர் மீன் கிடைக்காமல் திரும்ப இருந்தார்கள். பிறகு செல்போன் வந்தது. கரைக்கு வருமுன்பே விலை கேட்டு, எந்தத் துறைக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். மத்தி வீணாவது நின்றது; மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது; வாங்குவோருக்கும் விலை 4 சதவீதம் குறைந்தது. பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வில் இத்தனையும் இருக்கிறது. இன்று எங்கள் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. விலை சொல்லத்தான் மறுமுனையில் ஆளில்லை.

பங்குச்சந்தையில், ஒரு நிறுவனத்தின் வெளிவராத செய்தியை உள்ளிருந்து தெரிந்துகொண்டு பங்கு வாங்கினால், பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு அபராதம் போடும். நாளைய முகூர்த்தத்துக்கு எத்தனை ஆர்டர் என்று முந்திய இரவே தெரிந்துகொண்டு, தெரியாதவரிடம் பூ வாங்கினால் அவர் கெட்டிக்கார வியாபாரி! 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லாரும் கைதட்டினோம். பூவுக்குக் கிடைத்த மரியாதையில் கொஞ்சம் விளைவித்தவருக்கும் வந்தால் நன்றாக இருக்கும். உரம், மருந்து, கூலி எல்லாவற்றின் விலையையும் எங்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். எங்கள் சரக்கின் விலை மட்டும் ரகசியம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கமிஷனைக் குறைக்கச் சொல்லவில்லை. குறைந்தபட்ச விலையும் கேட்கவில்லை. நுழைவாயிலில் ஒரு கரும்பலகை வையுங்கள். மணிக்கு ஒரு முறை மல்லி, பிச்சி, கனகாம்பரம் போன விலையை, கூடுதலும் குறைவுமாக, எழுதிப் போடுங்கள். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப எங்கள் பிள்ளைகள் தயார். சிட்டையில் விற்ற நேரத்தையும் குறியுங்கள். காலையிலேயே விலை தெரிந்தால், அடுத்த நடைப் பூவை உங்களிடம் அனுப்புவதா, நிலக்கோட்டைக்கா, சென்ட் ஆலைக்கா என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

பலகைச் செலவில் எங்கள் பங்கைத் தருகிறோம். தை முகூர்த்தங்கள் தொடங்குவதற்கு முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாடிப்பட்டி வட்டாரத்து மல்லிகை விவசாயி