பாறையேற்ற முகாமும் மலைத்தேனீக்களும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் செல்லவிருக்கும் பாறையேற்ற முகாமுக்கான ஒப்புதல் படிவத்தை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறோம். கையெழுத்திடும் முன் இதை முழுதாகப் படித்துவிடுங்கள். பெற்றோர் கூட்டத்தில் கயிறு தாங்குமா, ஹெல்மெட் உண்டா, எவ்வளவு உயரம் ஏறுவார்கள் என்று நிறையக் கேட்டீர்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் தேனீக்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. திறந்தவெளிப் பாறைகளைப் பொறுத்தவரை என் முதல் கவலை அவைதான்.

தேனீ துரத்தினால் ஓட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். சமதளத்தில் அதுவே சரியான வழியும்கூட. ஆனால் பாறையின் நடுவே கயிற்றில் தொங்கும் பிள்ளை எங்கே ஓடும்? கீழே நின்று அந்தக் கயிற்றைப் பிடித்திருப்பவரும் ஓட முடியாது. அவர் கையை எடுத்தால் மேலே இருப்பவர் விழுந்துவிடக்கூடும். முகத்தில் பத்துத் தேனீக்கள் கொட்டும்போதும் கயிற்றை விடாமல் பிடித்து, ஏறியவரை நிதானமாக இறக்க வேண்டும். பயிற்சி பெற்ற பெரியவர்களுக்கே இது பெரும் சோதனை. கொட்டு தாங்காமல் முடிச்சை அவிழ்த்துக்கொள்ளவோ, கொக்கியைக் கழற்றவோ கை போவதும் உண்டு. அப்படி நடந்தால் உயிரைப் பறிப்பது நஞ்சாக இருக்காது, உயரமாக இருக்கும். ஆகவே தேனீக்களைப் பற்றிய முடிவைக் கால் தரையில் இருக்கும்போதே எடுத்தாக வேண்டும். எங்கள் ஏற்பாடுகள் அத்தனையும் இதை ஒட்டியே அமைந்தவை.

மலைத்தேனீ தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் பெரிய இனம். பெட்டியில் வளர்க்கும் தேனீயைப் போல இருட்டுப் பொந்தைத் தேடாமல், துருத்தி நிற்கும் பாறையின் அடியில் ஒரே பெரிய அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும். அடையின் மேல் பல்லாயிரம் வேலைக்காரத் தேனீக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து திரைபோல மூடியிருக்கும். கீழிருந்து பார்த்தால் பாறையில் படிந்த கருப்புக் கறை என்றே தோன்றும். பெரிய குளவி போன்ற எதிரி நெருங்கும்போது இந்தத் தேனீக்கள் வரிசை வரிசையாக வயிற்றை உயர்த்தும். அடை முழுவதும் ஓர் அலை ஓடுவது கண்ணுக்கே தெரியும். பார்க்க அழகான காட்சிதான். ஆனால் அது எச்சரிக்கை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அந்த அலையைக் கண்டவர் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, செல்பேசியை எடுத்துப் படம் பிடிக்கவும் கூடாது.

மலைத்தேனீ பருவத்துக்குப் பருவம் இடம் பெயரும். பழைய இடத்துக்கே திரும்பியும் வரும். “போன மாதம் வேறொரு குழு அங்கே ஏறியதே, ஒன்றும் ஆகவில்லையே” என்ற பேச்சை நாங்கள் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. பாறை வெடிப்புகளுக்குள் கூடு கட்டும் சிறிய தேனீக்களும் உண்டு. ஏறுபவர் பிடிமானம் தேடி விரலை விடுவதும் அதே வெடிப்புகளில்தான்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘கொலைகாரத் தேனீ’ காணொளிகளைச் சிலர் எனக்கு அனுப்பியிருந்தீர்கள். அவை அமெரிக்கக் கண்டங்களில் பரவிய, ஆப்பிரிக்கக் கலப்புள்ள தேனீக்களைப் பற்றியவை. ஆராய்ச்சிக்காகப் பிரேசிலுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க ராணித் தேனீக்களில் சில 1957-இல் கூட்டத்தோடு தப்பின. அவற்றின் வழிவந்தவை 1990-இல் அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தை எட்டின. ஒரு தேனீயின் நஞ்சு என்று பார்த்தால் மற்றத் தேனீக்களுடையதை விட அது கொடியதல்ல. சிறு தொந்தரவுக்கும் மிகப் பலவாகத் திரண்டு வருவதும், நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் விடாமல் துரத்துவதும்தான் அவற்றை ஆபத்தானவை ஆக்குகின்றன. மலைத்தேனீயிடமும் நாம் அஞ்ச வேண்டியது இந்த எண்ணிக்கையைத்தான்.

ஒரு தேனீ கொட்டியதும் அதன் கொடுக்கு தோலிலேயே தங்கிவிடும். அங்கிருந்து கிளம்பும் வாடை மற்றத் தேனீக்களுக்கு அபாய அழைப்பு. அந்த வாடையின் முக்கியமான வேதிப்பொருள் வாழைப்பழ மணம் கொண்டது. அடித்து நசுக்கினாலும் அதே வாடை வரும். கை வீசி அடிக்காதே என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். தேனீக்கள் பெரும்பாலும் கண், வாய், மூக்கைக் குறிவைக்கும். மூச்சுக்காற்றும் அடர்நிறமும் அவற்றை ஈர்க்கின்றன. ஆகவே முகாமுக்கு வெளிர்நிற உடைகளையே கொடுத்தனுப்புங்கள். வாசனைத் தைலம், செண்ட், நறுமண முடி எண்ணெய் எதுவும் வேண்டாம்.

எங்கள் ஏற்பாடுகளையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பாறையை நெருங்கும் முன் பயிற்சியாளர்கள் தொலைவில் நின்று தொலைநோக்கியால் பாறை முழுவதையும் பார்ப்பார்கள். கூடு தென்பட்டாலோ, ஒரே இடத்துக்குத் தேனீக்கள் போய்வந்து கொண்டிருந்தாலோ அன்று அந்தப் பாறை கிடையாது; வேறு பாதுகாப்பான பாறை இல்லையென்றால் ஏற்றமே கிடையாது. ஏறும் இடங்கள் அனைத்தும், உச்சியில் முன்னரே கயிறு மாட்டி, ஏறுபவரை ஒரே மூச்சில் தரைக்கு இறக்கக்கூடிய உயரத்திலேயே இருக்கும். கை நழுவினாலும் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கருவியையே பயன்படுத்துவோம். பயிற்சியாளர் ஒவ்வொருவரின் இடுப்புப் பையிலும் முகவலை இருக்கும். பாறையடியில் கூச்சல், ஒலிபெருக்கி, டிரோன், கல்லெறிதல், புகை எதற்கும் அனுமதி இல்லை.

எந்தப் பிள்ளை “தேனீ” என்று குரல் கொடுத்தாலும் அந்த நொடியே ஏற்றம் நிற்கும். வந்தது வெறும் ஈயாக இருந்தாலும் சரி, அந்தப் பிள்ளையை யாரும் கேலி செய்யக் கூடாது. இதை ஆசிரியர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: ஏறாமலேயே திரும்பி வரும் பிள்ளையிடம் “இவ்வளவு தூரம் போய் சும்மாவா வந்தாய்?” என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பிள்ளைகள் கண்டதைச் சொல்லாமல் ஏறுகிறார்கள்.

தாக்குதல் வந்துவிட்டால் தரையில் இருப்பவர்கள் சட்டையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, வழி தெரியும் அளவுக்குக் கண்ணைத் திறந்து, நிற்காமல் பேருந்துக்குள் ஓட வேண்டும். சில தேனீக்கள் கூடவே உள்ளே வந்தாலும் பரவாயில்லை, கதவை அடைத்துவிட வேண்டும். தண்ணீரில் குதிக்கக் கூடாது. தலை தூக்கும் வரை அவை மேலேயே காத்திருக்கும். கயிற்றில் இருப்பவர் முகத்தை மூடிக்கொண்டு இறங்குவது தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. முடிச்சிலோ கொக்கியிலோ கை வைக்கவே கூடாது. பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் கொடுக்குகளை உடனே எடுத்துவிட வேண்டும். கொடுக்கோடு ஒட்டிய நஞ்சுப்பை தொடர்ந்து நஞ்சைச் செலுத்திக்கொண்டே இருப்பதால், நகத்தால் வழிப்பதா விரலால் பிடுங்குவதா என்று யோசிப்பதை விட வேகமே முக்கியம்.

ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே கொட்டு போதும். கொட்டிய இடத்தில் வீக்கமும் வலியும் எல்லோருக்கும் வரும். அதைத் தாண்டி உடலெங்கும் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், குரல் கம்முதல், மூச்சிரைப்பு, வாந்தி, தலைசுற்றல் வந்தால் அது அவசரநிலை. அதற்கு முதல் மருந்து தொடையின் வெளிப்பக்கத்தில் போடும் அட்ரினலின் ஊசி. ஒவ்வாமை மாத்திரை அதற்கு ஈடாகாது. ஊசி போட்ட பின் பிள்ளையை எழுந்து நடக்க விடக் கூடாது. படுக்க வைக்க வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் உட்கார வைக்கலாம். ஊசி போட்டுச் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், ஏனென்றால் சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்ப வரலாம்.

ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்கும் நிறையக் கொட்டுகள் ஆபத்துதான். 80 கிலோ எடையுள்ள பெரியவர் வாங்கும் அதே எண்ணிக்கைக் கொட்டுகள் 40 கிலோ பிள்ளைக்கு இரட்டிப்புச் சுமை. அளவு மீறிய நஞ்சு தசைகளையும் இரத்தச் சிவப்பணுக்களையும் சிதைத்துச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். இது உடனே வெளியே தெரியாது. மணிக்கணக்கில், சில சமயம் ஓரிரு நாள் கழித்தும் தெரியவரும். அதனால் பல இடங்களில் கொட்டு வாங்கிய பிள்ளை “நன்றாகத்தான் இருக்கிறேன்” என்று சொன்னாலும் மருத்துவர் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம். வீட்டுக்கு வந்த பின் சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ குறைந்தாலோ கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

போகும் முன்பே கூட்டைக் கலைத்துவிட்டால் என்ன என்று ஒரு தந்தை தொலைபேசியில் கேட்டார். அக்கறையில் கேட்டது புரிகிறது. ஆனால் அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். கலைந்த கூட்டம் பக்கத்தில் யார் வந்தாலும் தாக்கும் நிலையில் இருக்கும். அதோடு, அந்தப் பாறை தேனீக்களின் வீடு. சுற்றியுள்ள மரங்களும் பயிர்களும் காய்ப்பதற்கு அவை வேண்டும். நாம் ஒரு நாள் ஏறிப் பழகுவதற்காக அவற்றை அழிப்பது பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் பாடம் எனக்கு உடன்பாடானது அல்ல.

படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் தேனீ, குளவிக் கொட்டு பற்றிய கேள்விகள் இருக்கின்றன. “இல்லை” என்று எழுதும் முன் உங்கள் பிள்ளையிடமே ஒருமுறை கேளுங்கள். வீட்டில் சொல்லாமல் விட்ட கொட்டும் இருக்கலாம். முன்பு மூச்சுத்திணறலோ உடல் தடிப்போ வந்திருந்தால், ஆஸ்துமா இருந்தால், மருத்துவரின் கடிதம் வேண்டும். அட்ரினலின் ஊசி பரிந்துரைக்கப்பட்ட பிள்ளைகள் இரண்டு ஊசிகளைக் காலாவதித் தேதி பார்த்துக் கொண்டுவர வேண்டும். ஒன்று பிள்ளையின் பையிலும் மற்றொன்று உடன் வரும் ஆசிரியரிடமும் இருக்கும். மருத்துவர் ஏறக் கூடாது என்று சொன்னால், அந்தப் பிள்ளைக்கு முகாமில் வரைபடம் படிப்பது, முடிச்சுப் போடுவது, முதலுதவி ஆகிய வேலைகள் பாறையிலிருந்து தள்ளியுள்ள கூடாரத்தில் உண்டு. யாரையும் ஒதுக்கி வைக்க மாட்டோம்.

நிரப்பிய படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். இரண்டாம் பக்கம் நிரப்பாமல் வரும் படிவத்தைத் திருப்பி அனுப்புவோம். சந்தேகம் இருந்தால் மாலை பள்ளி முடிந்ததும் என்னை நேரில் வந்து பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்