கத்தியைப் பிடுங்கப் போகிறாயாமே!

அன்புள்ள குமார்,

நலம். நீயும் நலம் என்று தாடி சொன்னான். கூடவே, தற்காப்பு வகுப்பில் சேர்ந்து வெறுங்கையால் கத்தியைப் பிடுங்கக் கற்கிறாய் என்றும் சொன்னான். பி.டி. வாத்தியார் விசிலை எடுத்தாலே வயிற்றுவலி வருமே உனக்கு! சிரித்து ஓய்ந்த பிறகு கவலை வந்துவிட்டது.

மாஸ்டர் சொன்ன கோணத்தில் ஒரே ஒரு குத்துக் குத்திவிட்டு, கையை நீட்டியபடி நிற்கிற திருடன் எங்கேயடா இருக்கிறான்? நிஜத்தில் ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குத்திக் குத்தி இழுப்பான். உனக்கோ நெஞ்சு படபடக்கும், பார்வை குறுகும், விரல்கள் நுணுக்கமான வேலைக்கு ஆகாது. அந்த நேரத்தில் மணிக்கட்டைத் திருகுவாயாக்கும்!

எங்கள் ஜூடோ கூடத்துக்குப் பழைய பவுன்சர் ஒருவர் வருகிறார், கேளிக்கை விடுதியில் கலாட்டா செய்கிறவர்களை வெளியேற்றும் காவலாள். அவர் சொல்கிற சண்டைக் கதைகளில் சண்டை கொஞ்சம்தான். முறைப்பு, வசவு, நெருங்கி வருவது, அப்புறம் சட்டென்று ஓர் அடி. வாங்குகிறவன் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருப்பானாம். அதனால் இவர் பேச்சைவிடத் தூரத்தையும் கைகளையும்தான் கவனிப்பார். எதிராளியின் ஒரு கை இடுப்புக்குப் பின்னால் மறைந்தால் உடனே விலகிவிடுவார். தன் கைகளைச் சமாதானம் பேசுவதுபோல் விரித்து நெஞ்சுக்கு முன்னால் வைத்திருப்பார். பார்க்கிறவனுக்கு அது பணிவு, அவருக்கு அது வேலி.

முஷ்டியால் மண்டையில் குத்தவும் கிளம்பிவிடாதே. சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு முறியும். குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றே மருத்துவர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இனி விளையாட்டில்லை, குமார். ஒரே குத்தில் செத்துப்போனவர்களில் பலரைக் கொன்றது தரை. நினைவிழந்து சாய்ந்து, மண்டை மோதிப் போனவர்கள். நீ அடித்தவன் அப்படி விழுந்தாலும் கதை அதுதான். அதனால் பணம் கேட்டால் கொடு, வழி இருந்தால் ஓடு. கற்பதானால் முதலில் விழக் கற்றுக்கொள்.

கானோ ஜிகோரோ 1882-ல் ஜூடோவைத் தொடங்கியபோது, ஆளை முடமாக்கும் அடிகளை நேருக்கு நேர் பயிற்சியிலிருந்து விலக்கினார். மிஞ்சியதை, எதிர்த்து நிற்கும் ஆளிடம் முழு பலத்தோடு தினமும் செய்து பார்க்க முடிந்தது. கண்ணில் குத்து, தொண்டையில் வெட்டு என்று மனப்பாடம் செய்தவன் அதை யாரிடம் செய்து பார்த்திருப்பான்?

உங்கள் வகுப்பில் எதிராளி நிஜமாகவே முரண்டு பிடிப்பானா, இல்லை சொன்னபடி விழுவானா? அதை எழுது. விழுகிறவன் என்றால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேள். தாடியையும் கூட்டிக்கொண்டு போ, கத்தல் அவன் பார்த்துக்கொள்வான்.

உன்,
ரவி