எமது குத்துச்சண்டைக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, போசகர்களே, வருகை தந்திருக்கும் சொற்ப அங்கத்தவர்களே,

பொங்கல் விளையாட்டு விழா வழமைபோல் நடந்தது. சிரமதானம் ஒருமுறை. முல்லைத்தீவு, கிளிநொச்சி இளையோரின் நட்புப் போட்டிகள் மாரி தொடங்க முன் முடிந்தன. மேடைக் கயிறுகளுக்குப் புது உறை போடப்பட்டது.

இவ்வாண்டின் முக்கிய வேலை மூத்த வீரர்களுக்கான பதிவேடு. "செயலாளரின் கொப்பி" என்று சிலர் பகிடி பண்ணுவது காதில் விழாமலில்லை. ஆகவே காரணத்தையும் கேளுங்கள்.

வெளியில் போட்டி நடத்துவோர், வளர்ந்து வரும் தங்கள் பெடியனுக்கு "அனுபவமான ஒரு ஆள்" வேண்டுமென்று கடைசி நேரத்தில் போன் எடுக்கிறார்கள். அவர்கள் தேடும் ஆளுக்குப் பழைய பெயர் இருக்கவேண்டும், அடி தாங்கவேண்டும், ஆனால் கால் ஓய்ந்திருக்கவேண்டும். ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர்கள் இப்படித்தான் ஏணிப்படியாகிறார்கள். கிடைப்பது பஸ் காசும் சோத்துப் பார்சலும். எடை சரிவர வேண்டுமென்று ஏ9 வீதி வெயிலில் ஜாக்கெட் போட்டு ஓடி, தண்ணீர் குடிக்காமல் மேடையேறுகிறார்கள். உடம்பில் நீர் வற்றிய நிலையில் தலையில் வாங்கும் அடி இன்னும் ஆபத்தானது.

பெரிய பெயர்களுக்கும் இதே கதிதான். வரிக்கடனில் மூழ்கியிருந்த முன்னாள் உலக அதிபாரச் சாம்பியன் ஜோ லூயிஸ் 37 வயதில், 1951 ஒக்ரோபரில், வளர்ந்து வந்த ரொக்கி மார்சியானோவை எதிர்கொண்டார். 8ஆம் சுற்றில் கயிறுகளுக்கூடாக வெளியே விழுந்தார். இன்னொரு முன்னாள் சாம்பியன் லாரி ஹோம்ஸ் 21 மாதம் ஆடாமல் இருந்துவிட்டு 1988 ஜனவரியில் அப்போதைய சாம்பியன் மைக் டைசனிடம் போய் 4ஆம் சுற்றில் வீழ்ந்தார். அதே ஹோம்ஸ் 1991இல் சிறு போட்டிகள் சில ஆடி உடம்பைச் சரிப்படுத்திக்கொண்டு, 1992இல் அதுவரை தோல்வி காணாத ரே மேர்சரைப் புள்ளிகளில் வென்றார். அப்போது வயது 42. ஆக, வயது மட்டுமல்ல, ஆயத்தமில்லாமல் ஏறுவதுதான் கெடுக்கிறது.

பதிவேட்டில் போட்டித் திகதி, பயிற்சிச் சண்டை, எடை, அடிபட்டுத் தடுமாறியபோது நடுவர் எண்ணிய தடவைகள் என்பன எழுதப்படுகின்றன. தலையடியால் நொக்அவுட் ஆனால் 30 நாள், மூன்று மாதத்தில் இரண்டானால் 90 நாள், 12 மாதத்தில் மூன்றானால் ஒரு வருடம் போட்டியும் இல்லை, பயிற்சிச் சண்டையும் இல்லை. பயிற்சியில் 16 அவுன்ஸ் கிளவுஸ் மட்டும். பெருவிரலால் அமத்தும்போது உள்ளே விரல் முட்டு தட்டுப்பட்டால் அந்தச் சோடி குத்துப் பயிற்சி மூட்டைக்குத்தான்.

பயிற்றுநர்கள் பார்க்கவேண்டியது: ஜப் (முன்கையால் நேராக விடும் குத்து) அடித்த கை தாடைக்குத் திரும்பாமல் நெஞ்சளவில் நிற்கிறதா, பின்வாங்கும்போது கால் குறுக்கே போகிறதா. அடி வருவது கண்ணுக்குத் தெரிந்தும் தடுக்கும் கை பிந்துகிறதென்றால், அந்த ஆளை எவர் கேட்டாலும் அனுப்பக்கூடாது. அவரை இளையோருக்குப் பயிற்சி கொடுக்க வைப்போம். தூரம் கணிக்கும் வித்தை இன்னும் அவரிடம் இருக்கிறது.

இந்தப் பதிவேட்டு விதியை எதிர்த்துப் பேசியவர்களில் பலர் அதை நிறைவேற்றிய கூட்டத்துக்கே வரவில்லை. அவர்களில் சிலர் சந்தாவும் கட்டவில்லை. கழகத்தின் பெயரைச் சொல்லி வெளியூரில் ஆட மட்டும் கழகம் வேண்டும்!

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வந்தது செலவாகிவிட்டது, சிறு கையிருப்பு உண்டு. இடம் தந்த பாடசாலைக்கும், உதவிய புலம்பெயர் உறவுகளுக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு 16 அவுன்ஸ் கிளவுஸ் இருக்கிற சோடிகள் போதாது, தலைக்கவசங்களின் பட்டிகள் அறுந்திருக்கின்றன. செயலாளர் பதவியை இளையவர் ஒருவர் விரும்பி ஏற்றால் கொப்பியை உடனே கையளிப்பேன். சந்தா நிலுவைப் பட்டியலும் அதற்குள்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்று அதை வாசிக்கும் உத்தேசமில்லை.

செயலாளர்