ஒருவனே வென்றால் என்ன, மச்சான்?

மார்க்கம்
16.11.2025

அன்புள்ள மச்சான்,

நீ செப்டெம்பரில் எழுதிய கடிதத்துக்கு நவம்பர் நடுவில் பதில் எழுதுகிறேன், மன்னித்துக்கொள். மச்சாளின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று உன் மகள் தொலைபேசியில் சொன்னாள். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். சின்னவன் வேலை மாறிவிட்டான். போன கிழமை முதற்பனி கொட்டியது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

பதில் தாமதமானதற்கு உன் கடிதத்தின் கடைசி வரிதான் காரணம். "பதினேழு பந்தயத்தில் எட்டை ஒருவனே வென்றால் அது பந்தயமா, பரிசளிப்பு விழாவா?" என்று கேட்டிருந்தாய். போகிற போக்கில் கேட்டிருப்பாய். எனக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது. முப்பத்தைந்து வருடமாக அமெரிக்காவின் இந்த இண்டிகார் கார்ப் பந்தயத் தொடரைப் பார்த்து வருகிறேன். 2025ஆம் ஆண்டைப் போல ஓர் ஆண்டை நான் கண்டதில்லை. அதை நீ சலிப்பு என்று ஒதுக்கினால் என்னால் விடமுடியாது.

நீ சொன்ன அந்த ஒருவன், ஸ்பெயின்காரன் அலெக்ஸ் பலோ, முதல் ஆறு பந்தயங்களில் ஐந்தை வென்றான், உண்மை. ஆறாவது பந்தயம் இந்தத் தொடரிலேயே பெரியதான இண்டியானாபொலிஸ் 500. தப்பிய ஒன்று லோங் பீச். அதை வென்றவன் கைல் கிர்க்வூட், பலோவுக்கு இரண்டாம் இடம். ஓகஸ்ட் 10ஆம் திகதி போர்ட்லண்டில், இன்னும் இரண்டு பந்தயம் மீதமிருக்கும்போதே பட்டத்தை உறுதிசெய்துவிட்டான். ஐந்து ஆண்டுகளில் நான்காவது பட்டம். எண்களை மட்டும் பார்ப்பவனுக்கு இது சலிப்பாகத்தான் தெரியும். ஆனால் நீ எண்களை மட்டும் பார்க்கிறவன் இல்லையே. ஒரு மரத்தின் வெட்டுத் தழும்பைப் பார்த்தே அதை வெட்டியவர் யார் என்று சொன்னவன் நீ.

எட்டியாந்தோட்டை இறப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்கு நின்ற பெரியவரை நினைத்துப் பார். மற்றவர்கள் அவசரமாக வெட்டிக்கொண்டு அடுத்த மரத்துக்கு ஓடுவார்கள். அவர் கத்தியை வைக்கும் இடத்தை முதலில் விரலால் தடவிப் பார்ப்பார். பட்டையை மட்டும் மெல்லியதாகச் சீவுவார், கத்தி மரத்தைத் தொடாது. கத்தி ஆழப் போனால் இன்றைக்குப் பால் கூடலாம், ஆனால் காயம் பட்ட இடத்தில் பட்டை நேராக வளராது என்று உன் அப்பா நமக்குச் சொன்னதும் அங்கேதான். நாள் முடிவில் அவருடைய வாளிதான் நிறைந்திருக்கும். பலோ கார் ஓட்டுவதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தப் பெரியவரின் கைதான் நினைவுக்கு வருகிறது.

இந்தக் கார்களில் ஏறத்தாழ எழுபது லீற்றர் எரிபொருள்தான் பிடிக்கும். எல்லோருடைய காரும் ஒரே தலாரா உடல், எஞ்சின் ஹொண்டா அல்லது ஷெவர்லே. வேகத்தில் வித்தியாசம் மிகக் குறைவு. ஆகவே யார் எவ்வளவு குடித்தார், யார் எவ்வளவு மிச்சம் பிடித்தார் என்பதில்தான் பாதிப் பந்தயம் இருக்கிறது. வளைவு வருமுன்பே மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுக் காரைத் தன்பாட்டில் உருளவிட வேண்டும். ஆனால் பின்னால் வருபவன் நுழைந்துவிடும் அளவுக்கு மெதுவாகவும் போகக்கூடாது. இந்தக் கலையில் உலகத்துக்கே ஆசான் ஸ்கொட் டிக்சன், ஆறு முறை பட்டம் வென்றவர், பலோவின் அதே கனாசி அணி. யூன் 22 அன்று ரோட் அமெரிக்காவில் அந்த ஆசானே முன்னணியில் இருந்தார். முடிவுக்குச் சில சுற்றுகள் இருக்கையில் எரிபொருள் போதாமல் அவர் பிட்டுக்குள், அதாவது எரிபொருள் நிரப்பி ரயர் மாற்றும் இடத்துக்குள், திரும்ப வேண்டி வந்தது. பலோ நிற்காமல் ஓடி முடித்தான். சரியாக இரண்டு கிழமை கழித்து மிட்-ஒஹாயோவில் அது தலைகீழானது. பலோ முன்னே போய்க்கொண்டிருந்தான். ஐந்தாறு சுற்றுத்தான் மிச்சம். ஒரு வளைவில் கார் புல்லுக்குள் இறங்கியது, அவ்வளவுதான். டிக்சன் கடந்தார், அரைச் செக்கனுக்கும் குறைவான இடைவெளியில் வென்றார். இருபத்தொரு ஆண்டு தொடர்ச்சியாக ஆண்டுக்கு ஒரு வெற்றியாவது பெறுகிற மனிதர் அவர். மச்சான், பரிசளிப்பு விழாவில் இப்படி நடக்குமா?

இண்டியானாபொலிஸ் 500ஐப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டும். அன்று உனக்கு இரவு பத்தரை தாண்டித்தான் தொடங்கியது. நூறாவது சுற்றிலேயே நீ தூங்கிவிட்டாய் என்று மச்சாள் காட்டிக்கொடுத்துவிட்டாள், ஆகவே முழுவதையும் பார்த்ததாக இனிமேல் சாதிக்காதே. அந்த நாள்வரை பலோ நீள்வட்டத் தடம் ஒன்றில்கூட வென்றதில்லை. வீதித் தடங்களிலும் வளைந்து செல்லும் தடங்களிலும் மட்டும்தான் அவன் வீரன் என்று சொன்னவர்கள் அதிகம். நானும் அதை நம்பியிருந்தேன். தகுதிச் சுற்றில் ரொபர்ட் ஷ்வார்ட்ஸ்மன் என்ற புதியவன் முதலிடம் பிடித்து எல்லோரையும் வாய்பிளக்க வைத்தான். 1983க்குப் பிறகு முதல் ஆண்டுக்காரன் ஒருவன் அங்கே முதலிடத்தில் நின்றது அதுதான் முதல் தடவை. பந்தய நாளில் குளிர். பந்தயம் தொடங்குமுன், ரயர்களைச் சூடேற்றிச் சுற்றும்போதே ஸ்கொட் மக்லொக்லின் கார் சுழன்று சுவரில் மோதியது. தரையில் குந்தியிருந்து அவர் அழுததை மறக்க முடியவில்லை.

இனி 187ஆவது சுற்று. முன்னே மார்கஸ் எரிக்சன், 2022இல் அதே இடத்தில் வென்றவர், பலோவின் பழைய அணித் தோழர். ஒரு நொடிதான் அவர் உட்பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். மணிக்கு முந்நூற்றைம்பது கிலோமீற்றர் வேகத்தில் முதலாம் வளைவுக்குள் பலோ உள்ளே போனான். அதன் பிறகு அவன் செய்ததுதான் எனக்குப் பெரிது. தனக்கு முன்னால் ஒரு சுற்றுப் பின்தங்கிய இரண்டு கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைக் கடந்து போகச் சொல்லி யாரும் பதறுவார்கள். அவன் கடக்கவில்லை. அந்தக் கார்கள் கிழித்துவிட்ட காற்றின் மறைவிலேயே ஒட்டிக்கொண்டு ஓடினான். எரிக்சனுக்கு எட்டவே முடியவில்லை. ஆசைப்பட்டு முந்தியிருந்தால் திறந்த காற்றில் தனியே மாட்டியிருப்பான். கத்தியை ஆழ இறக்காத கை என்று நான் சொல்வது இதைத்தான்.

முடிந்ததும் காரை நேர்த்தடத்திலேயே நிறுத்தி இறங்கி, கையை விரித்துக்கொண்டு ஓடினான் பார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. 500ஐ வென்ற முதல் ஸ்பானியன். எரிக்சனின் கதை பிறகு இன்னும் கசந்தது. பரிசோதனையில் காரில் விதிக்குப் புறம்பான மாற்றம் இருந்ததென்று இரண்டாம் இடத்தையும் பறித்துவிட்டார்கள்.

உன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பலோ மக்லாரன் அணியோடு ஒப்பந்தம் எழுதிவிட்டு 2023இல் வரமாட்டேன் என்று கைவிரித்தான். ஒப்பந்தத்தை மீறியதை அவனே ஒப்புக்கொண்டான், வழக்கு லண்டன் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்றுதான் நம்மை வளர்த்தார்கள். காருக்குள் அவ்வளவு நிதானமாக இருப்பவன் வெளியே இப்படிச் செய்தானே என்பது எனக்கும் உறுத்தல்தான். இதை வைத்து அவனை உனக்குப் பிடிக்கவில்லை என்றால் சரி என்பேன். ஆனால் சலிப்பு என்று மட்டும் சொல்லாதே.

யூலை 20 அன்று ரொறன்ரோ எக்சிபிசன் பிளேஸுக்குப் பந்தயம் பார்க்கப் போனேன். அதுதான் அங்கே கடைசிப் பந்தயம் என்று அன்று எனக்குத் தெரியாது. 1990இல் பார்க்டேலில் ஓர் உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது ஏரிப் பக்கமிருந்து வந்த அந்தச் சத்தம்தான் என்னை முதலில் அங்கே இழுத்தது. நீயும் நானும் நுவரெலியாவுக்கு மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் பார்க்கப் போன அந்த ஏப்ரலுக்குப் பிறகு, உடம்பு சிலிர்க்க எஞ்சின் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். அந்த ஆண்டு அல் அன்சர் ஜூனியர் மழையில் வென்றார். பிறகு மைக்கல் அன்ட்ரெட்டி ஆறு முறை. நம் ஸ்காபரோப் பையன் போல் ட்ரேசி 1993இலும் 2003இலும் வென்றபோது மேடைக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தினேன்.

இந்த முறை வளைவுக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது. அங்கே தரை தாரும் கொங்கிரீட்டும் ஒட்டுப்போட்டது. ஒவ்வொரு ஒட்டிலும் கார் ஒரு முறை வழுக்கும், ஒரு முறை பிடிக்கும். இந்தக் கார்களில் ஸ்டியரிங்குக்குப் பவர் உதவி கிடையாது. கண்ணாடிக் கவசத்துக்குள் ஓட்டுநரின் கையுறைகள் வெட்டி வெட்டித் திரும்புவது தெரிகிறது, தோள் குலுங்குகிறது. பலோவின் கை மட்டும் ஒரே ஒரு முறைதான் அசைந்தது, கார் ஒட்டின் மேல் வழுக்கியபோதும். ஆனால் அன்று அவனுக்கு நாள் சரியில்லை. 12ஆம் இடம். பத்தாவதாகப் புறப்பட்ட மெக்சிக்கன் பாட்டோ ஓவார்ட் சீக்கிரம் தேயும் மென்ரயரை முதலிலேயே கழற்றிவிட்டு, எல்லோரையும் மெதுவாக்கும் மஞ்சள் கொடியும் கைகொடுக்க வென்றான். பலோ தன் காரைச் சுவரில் கொடுக்கவில்லை, யாரையும் முட்டவில்லை. கிடைத்த புள்ளியை வாங்கிக்கொண்டு போய், அடுத்த ஞாயிறே லகுனா செக்காவில் வென்றான்.

இப்போது உண்மையான செய்தி. அடுத்த ஆண்டு எக்சிபிசன் பிளேஸில் பந்தயம் இல்லை. உலகக் கிண்ண உதைபந்தாட்டம் வருவதால் அங்கே இடநெருக்கடி. பந்தயம் எங்கே வருகிறது தெரியுமா? இங்கே, மார்க்கத்துக்கு! 2026 ஓகஸ்ட் 14, 15, 16. யூனியன்வில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள நகர மைய வீதிகளில், ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீற்றர், 12 வளைவுகள். நான் மரக்கறி வாங்கப் போகிற பாதை, மச்சான். செய்தி வந்த அன்று தம்பிமார் நாலு பேருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டேன்.

சந்தோசத்தோடு ஒரு பயமும் இருக்கிறது. 1996 யூலை 14 எனக்கு மறக்காது. பந்தயம் முடிய ஒரு சில சுற்றுகள் இருந்தபோது லேக் ஷோர் நேர்சாலையில் ஜெஃப் கிரொஸ்னொஃப் என்பவரின் கார் எகிறித் தடுப்பைத் தாண்டியது. அவரும் இறந்தார், வளைவில் கொடி காட்ட நின்ற தொண்டர் கரி அவ்ரினும் இறந்தார். நான் எதிர்க்கோடியில் இருந்தேன், ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்து வானொலியில்தான் கேட்டேன். சம்பளமில்லாமல், விருப்பத்துக்காக, வெயிலில் நின்ற மனிதர் அவர். பிள்ளைகள் சைக்கிள் விடும் வீதிகளில் தடுப்பு எப்படிக் கட்டப் போகிறார்கள், மரங்களுக்கும் விளக்குக் கம்பங்களுக்கும் எவ்வளவு தூரம் விடப் போகிறார்கள் என்று மாநகரசபைக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.

கடித உறைக்குள் சின்னப் பிளாஸ்டிக் பையில் ஒரு கறுப்புத் துணுக்கு இருக்கும், எறிந்துவிடாதே. ரொறன்ரோவில் பந்தயம் முடிந்து சனத்தைத் தடத்துக்குள் விட்டபோது பொறுக்கியது, ரயரிலிருந்து உதிர்ந்தது. வீதித் தடங்களில் பயர்ஸ்டோன் கொடுக்கும் மென்ரயரின் பக்கச்சுவரில் குவாயூலே என்ற பாலைவனச் செடியின் இறப்பரைக் கலக்கிறார்கள், அடையாளத்துக்குப் பச்சைக் கோடு போட்டிருப்பார்கள். இந்தத் துணுக்கு தரையில் தேய்ந்த பாகம். இதில் நம் மரத்துப் பால் இருக்குமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆயுள் முழுக்க இறப்பரோடு இருந்தவன் நீ. விரலுக்கிடையில் வைத்து இழுத்துப் பார், முகர்ந்து பார், கொஞ்சம் எரித்தும் பார். என்ன தெரிகிறது என்று எழுது.

மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்
பழைய பங்காளி