தொட்டி கட்டும் முன்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே பெரியவளுக்குத் திருச்சிக்கு மாற்றலாகியிருக்கிறது. சின்னவன் இன்னும் போட்டித் தேர்வு என்று நூலகத்திலேயே கிடக்கிறான். நீ புது வீட்டுக்கு வானம் தோண்டிவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் இவள்தான் அதிகம் சந்தோஷப்பட்டாள்.

அதே கடிதத்தில் பாதிக்கு மேல் கொதித்துப் போய் எழுதியிருந்தாய். செப்டிக் டேங்க்கில் இறங்கிய இரண்டு பேர் விஷவாயு தாக்கிச் செத்துப்போன செய்தி. "நிலாவுக்கு ராக்கெட் விடுகிற நாட்டில் இன்னும் ஆள் இறங்குகிறானே, நம்மால் என்ன செய்ய முடியும்" என்று முடித்திருந்தாய். அந்தக் கேள்வியை நான் அப்படியே விட்டுவிட விரும்பவில்லை. உன் கோபம் நியாயமானது. ஆனால் இந்த மாதிரிச் செய்தி வரும்போதெல்லாம் நாம் இரண்டு நாள் கொதிக்கிறோம், அரசைத் திட்டுகிறோம், மூன்றாம் நாள் வேறு செய்திக்குப் போய்விடுகிறோம். திட்ட வேண்டியவர்களைத் திட்டத்தான் வேண்டும். அதே நேரம், இந்தச் சாவுகளில் பல, வீடுகளிலும் அபார்ட்மென்ட்களிலும் ஓட்டல்களிலும்தான் நடக்கின்றன. அங்கே யாரோ ஒருவர் போன் போட்டு, கூலி பேசி, மூடியைத் திறந்துவிட்டிருக்கிறார். பெரும்பாலும் நம்மைப் போன்றவர்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறக்குவது குற்றம். நேரடியாக இறக்கினாலும் காண்ட்ராக்டர் மூலம் இறக்கினாலும் ஒன்றுதான். முதல் தடவைக்கே இரண்டாண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

அந்த 2014 தீர்ப்புக்குப் பின்னால் பெஜவாடா வில்சன் இருக்கிறார். கோலார் தங்கவயலில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அங்கிருந்த உலர் கழிப்பறைகளில் தன் சனம் மலம் அள்ளுவதைப் பார்த்து அழுதார். அழுது முடித்ததும் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார், மறுத்தவர்களுக்குக் காட்டப் படம் எடுத்தார். அந்தக் கழிப்பறைகள் மாறின. பிறகு அவர் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் 2003-ல் உச்ச நீதிமன்றம் போனது. 2016-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. எனக்கு அந்த விருதைவிட அந்த முதல் கடிதம்தான் பெரிதாகப் படுகிறது. தன் கண் முன்னே இருந்த கழிப்பறையிலிருந்து தொடங்கினார் பார்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இந்தப் பக்கம் இன்னும் பாதாளச் சாக்கடை வரவில்லை. டேங்க் நிரம்பியபோது ஒருவர் வந்து, "லாரி உறிஞ்சினது போக அடியில இருக்கறத ஆளை இறக்கிச் சுத்தமா எடுத்துத் தரேன்" என்று குறைந்த தொகைக்குப் பேசினார். சங்கத்தில் பலருக்கு அது லாபமாகத் தெரிந்தது. கூட வந்த பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. "தம்பி, பயமா இல்லையா?" என்றேன். "லாரி மேல இருக்கற தண்ணியத்தான் சார் உறிஞ்சும். அடியில கெட்டியா கிடக்கறதுக்கு நாங்கதான். எங்கப்பாவும் இதான் செஞ்சாரு" என்றான். அப்பாவும் மகனும் ஏன் ஒரே குழிக்குள் இறங்குகிறார்கள் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். எந்தத் தெருவிலிருந்து அவனைக் கூப்பிடுகிறார்கள் என்பதும் தெரியும். சாதியைச் சொல்லாமல் இந்தச் சாவுகளைப் பேசுவது பாதி உண்மைதான்.

அன்று அவனைத் திருப்பி அனுப்பினோம், வந்து போன கூலியைக் கொடுத்து. அடுத்த கூட்டத்தில் "எந்தக் காரணத்துக்காகவும் ஆள் இறங்கக் கூடாது" என்று தீர்மானம் எழுத வைக்க நானும் இன்னும் சிலரும் பாடாய்ப்பட்டோம். இரண்டாவது லோடு லாரிக்கு யார் பணம் கொடுப்பது என்று ஒரே சத்தம். கடைசியில் தீர்மானம் நிறைவேறியது. உரிமம் உள்ள லாரியை மட்டும் கூப்பிடுகிறோம். அவர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக் கெட்டியைக் கலக்கி உறிஞ்சுகிறார்கள். நாப்கின், பிளாஸ்டிக், துணி எதுவும் கழிப்பறைக்குள் போடக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் பேசினோம், தனி டப்பா வைத்தோம். குழாய் அடைத்துக்கொண்டால்தானே "உள்ளே இறங்கி எடு" என்ற பேச்சே வருகிறது. இந்த வேலையைப் பெண்கள் எடுத்துக்கொண்ட பிறகுதான் நடந்தது.

இன்னொன்று. அழுகின முட்டை நாற்றம் வந்தால் வாயு இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விஷவாயுவான ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. கொஞ்சம் மூச்சு இழுத்தாலே மயக்கம். விழுந்தவரைக் காப்பாற்ற அடுத்தவர் இறங்குகிறார், அவரும் விழுகிறார். அதனால்தான் செய்தியில் பெரும்பாலும் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருகிறது. யார் விழுந்தாலும் நாம் இறங்கக் கூடாது, தீயணைப்புத் துறையின் 101-க்குப் போன் போட வேண்டும். உன் மேஸ்திரிக்கும் இதைச் சொல்லிவை. புதிதாகக் கட்டி மூடிக்கிடந்த தொட்டியில் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கியவர்களும் செத்திருக்கிறார்கள்.

சரி, இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அதற்காகத்தான். "இருபது வருஷத்துக்குத் திறக்கவே வேண்டாம், பெரிசா போட்டுடலாம்" என்று இன்ஜினியர் சொன்னதாகப் பெருமையாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் மாப்ளே. இருபது வருஷம் மூடிக்கிடந்த தொட்டியில் அடிக்கசடு கல் மாதிரி இறுகிவிடும், லாரியால் இழுக்க முடியாது. அப்போது ஒரு ஆளைத்தான் தேடுவாய், அல்லது உன் மகன் தேடுவான். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஏறத்தாழ ஐந்தடி நீளம், இரண்டரை அடி அகலம், மூன்றரை அடி தண்ணீர் ஆழம் போதும் என்கிறது இந்தியத் தர விதி. உங்கள் தலைக்கணக்குக்கு ஏற்ப அதைக் கூட்டச் சொல். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை, கசடு இளகலாக இருக்கும்போதே லாரி வைத்து எடுத்துவிடலாம். செப்டிக் டேங்க் கழிவு எடுப்பதற்கான உதவி எண் 14420-க்குப் போன் செய்தால் லாரிக்கு ஏற்பாடு செய்வார்கள். தொட்டிக்குள் உள்ள ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி வேண்டும், லாரிக் குழாய் எட்டுகிற இடத்தில் வேண்டும். கார் ஷெட்டில் டைல்ஸ் போட்டு மூடியை மறைக்கும் யோசனையை விட்டுவிடு. வாயு வெளியேறும் குழாயை மொட்டைமாடிக்கு மேலே ஏற்றி வலை கட்டு. இதற்கெல்லாம் கூடுதல் செலவு இல்லை, தொட்டி சிறிதாவதால் மிச்சம்கூட வரலாம்.

உன் தெருவில் இன்னும் நிறைய வீடுகள் எழும்புகின்றன என்றாயே, அவர்களுக்கும் இதே வரைபடத்தைக் கொடு. உன் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு.

கான்கிரீட் போடும் முன் பிளானைப் படம் எடுத்து அனுப்பு. இங்கே எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர் ஒருவரிடம் காட்டிச் சொல்கிறேன். கிரகப்பிரவேசம் தை மாதம் என்றால் இப்போதே சொல்லிவிடு, டிக்கெட் போட வேண்டும். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பங்காளி