தொல்லியல் களத்துக்கு ஒற்றை ஆண்டு போதாது: விக்கித்தரவுத் தமிழ்ப் பங்களிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். எவரும் தொகுக்கக்கூடிய திறந்த தரவுத்தளமான விக்கித்தரவில் தமிழகத் தொல்லியல் களங்களை ஏற்றிவரும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு களத்துக்கு ஓர் உருப்படி (தனிப் பதிவு), அதற்கு ஒரு தோற்ற ஆண்டு என்று பதிவதை நாம் கைவிட வேண்டும்.

கீழடியையே எடுத்துக்கொள்வோம். அது சிவகங்கை மாவட்டத்தில் மக்கள் இன்றும் வாழும் ஊர். முதலில் அகழ்ந்த இடமோ ஊரை ஒட்டிய பள்ளிச்சந்தைத் திடல். இன்றைய ஊரின் மக்கள்தொகையும் பழைய வாழ்விடத்தின் காலமும் ஒரே உருப்படியில் கலந்துவிட்டால் தேடுபவருக்கு இரண்டுமே பயன்படாது. அருகிலுள்ள கொந்தகை, முதுமக்கள் தாழிகள் நிறைந்த ஈமக்காடு. அகரமும் மணலூரும் வேறு களங்கள். இவற்றுக்குத் தனித்தனி உருப்படிகள் அமைத்து, கீழடித் தொகுதியின் பகுதிகளாக இணைப்பதே முறை.

காலக்கணிப்பில்தான் மிகுந்த கவனம் வேண்டும். மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரி கி.மு. 580ஐயும், 200 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 205ஐயும் காட்டின. இவை அந்தந்த மண்ணடுக்கில் கிடைத்த கரிமப் பொருளின் காலமே தவிர, கீழடி தோன்றிய ஆண்டு அல்ல. ஆகவே 580 என்ற எண்ணைக் களத்தின் தோற்ற ஆண்டாக இடாமல், ஆழம், பகுப்பாய்வு முறை, அறிக்கை ஆகிய மூன்றையும் சேர்த்து அந்த மாதிரியின் மீதே பதிய வேண்டும்; களத்துக்கு நூற்றாண்டு அளவிலான துல்லியமே போதும், அதற்கு விக்கித்தரவில் இடமும் உண்டு.

அகழாய்வுக் கட்டங்களையும் தனி நிகழ்வுகளாகவே கொள்ள வேண்டும். 2014-15இல் தொடங்கிய முதல் மூன்று கட்டங்களை இந்தியத் தொல்லியல் துறை நடத்தியது; நான்காம் கட்டம் முதல் மாநிலத் துறை பொறுப்பேற்றது. முதல் இரு கட்டங்களைப் பற்றி, அவற்றுக்குத் தலைமை தாங்கிய தொல்லியலாளர் அமர்நாத் ராமகிருஷ்ணா 2023இல் அளித்த அறிக்கை, களத்தின் தொடக்கத்தை கி.மு. 8ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசெல்கிறது. அதைத் திருத்தித் தருமாறு 2025இல் இந்தியத் தொல்லியல் துறை கேட்டது. இத்தகைய கருத்து வேறுபாட்டில் நமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் வைத்து மற்றதை நீக்குவது நேர்மையாகாது. இரு கூற்றுகளும் தத்தம் ஆதாரத்துடன் அருகருகே நிற்கட்டும்.

தொல்பொருள்களுக்கு, கண்டெடுத்த இடம் வேறு, இப்போதிருக்கும் இடம் வேறு. ஆதிச்சநல்லூரில் 1876இல் செருமானிய ஆய்வாளர் யாகோர் தோண்டியவை பெர்லினுக்குச் சென்றன. ஆங்கிலேயர் காலத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ பின்னர் எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. இன்னும் அகழப்படாத ஈமக்காடுகளுக்குத் துல்லியமான ஆயத்தொலைவுகளைத் தர வேண்டாம். திருட்டுத் தோண்டலுக்கு நாமே வழிகாட்டிவிடக் கூடாது.

இம்முறையைக் கீழடித் தொகுதியில் முதலில் செயல்படுத்தி, குறைகளைக் களைந்த பின்னர் கொடுமணல், பொருந்தல், சிவகளை எனத் தொடரலாம் என்பது என் முன்மொழிவு. இதை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் தத்தம் காரணங்களைத் திட்டப் பக்கத்தில் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களுள் ஒரு பங்களிப்பாளர்